சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறுமுன் வானிலையைப் பார்க்கும் முறை

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி ஆறேழு பேராக, கோயம்புத்தூருக்கு மேற்கே ஏழு மலைகளை வரிசையாக ஏறி உச்சியிலுள்ள சிவன் சன்னதியை அடையும் வெள்ளியங்கிரிக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். கைப்பேசிச் செயலி கோயம்புத்தூருக்கு "வெயில், மழைக்கு வாய்ப்பு 20 சதவீதம்" என்று காட்டுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையோ "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்கிறது. முன்பொரு முறை வெயில் என்று நம்பி ஏறிய அவருடைய உறவினர்கள், பிற்பகலில் மேல்மலையில் இடிமழையில் சிக்கி நடுங்கியபடி இறங்கியிருக்கிறார்கள். எதை நம்புவது, எப்போது பார்ப்பது, எந்த நிலையில் பயணத்தைத் தள்ளிவைப்பது என்பதே அவர் கேட்பது.

இரண்டு அறிவிப்புகளும் சரியானவையாகவே இருக்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கொங்குநாட்டு மலைகளில் பெய்யும் கோடை மழை எந்த மலையின் மேல் இறங்கும் என்று முந்தைய நாளே உறுதியாகச் சொல்ல எந்தக் கருவியாலும் முடிவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் இறங்கும் என்பதைப் பெரும்பாலான நாட்களில் சொல்லிவிட முடியும். ஆகவே நண்பகலுக்கு முன்பே மேல்மலைகளைவிட்டு இறங்கிவிடும்படி பயணத்தை அமைப்பது முதல் வேலை. அந்த நேரத்தை இன்னும் முன்னே இழுக்க வேண்டுமா, அல்லது பயணத்தையே விட வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் முன்னறிவிப்புகளைப் படிக்கிறோம்.

முதலில் கைப்பேசி காட்டும் எண்களைப் பார்ப்போம். கோயம்புத்தூர் என்று தட்டினால் கிடைப்பது நகரத்துக்கான கணிப்பு. நகரத்தின் பீளமேடு விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை ஏறத்தாழ 1,780 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பதால், நகரத்தில் அதிகாலை 24 டிகிரி இருக்கும் நாளில் உச்சியில் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்று இதை இன்னும் கீழே தள்ளும். பிப்ரவரியில் ஏறுபவர்களுக்கு ஒரு கணக்கு: 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், உடல் உணர்வது ஏறத்தாழ 6 டிகிரியை. உடையும் நனைந்திருந்தால் அதைவிட மோசம். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும் ஒரு மாலையில் இந்த எண்களை நம்புவது கடினம். மெல்லிய வேட்டியும் பனியனுமாகப் புறப்படுவோர் ஒவ்வொரு பருவத்திலும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது செயலிகளின் அடியில் இயங்கி வானிலையைக் கணக்கிட்டுத் தரும் கணினி மாதிரிகளின் குறை. ஐரோப்பிய மையத்தின் உலக மாதிரி ஏறத்தாழ 9 கி.மீ. அகலமுள்ள கட்டங்களாகவும், அமெரிக்க மாதிரி ஏறத்தாழ 13 கி.மீ. கட்டங்களாகவும் பூமியைப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறை அதை 6 கி.மீ. ஆகக் குறைத்திருக்கிறது. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளும் இத்தகைய ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். உச்சியும் பள்ளத்தாக்கும், ஏற்றம் தொடங்கும் பூண்டி அடிவாரத்துத் தோப்புகளும் சேர்ந்து ஒரே சராசரி உயரமாக மாறிவிடுகின்றன. எனவே செயலியில் நகரத்தின் பெயரைத் தட்டாமல், வரைபடத்தில் மலையுச்சியின் மேலேயே விரலை வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளிக்குச் செயலி எந்த உயரத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 900 மீட்டர் என்று காட்டினால், அந்த வெப்பநிலையும் காற்றும் மலையின் நடுப்பகுதிக்கு உரியவை. காற்றுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. விண்டி போன்ற செயலிகளில் காற்றின் உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கல் (hPa) என்ற காற்றழுத்த நிலைக்கு மாற்றினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் காற்று தெரியும். தரைமட்டக் காற்றைவிட அதுவே மேல்மலைகளில் நீங்கள் சந்திக்கப்போகும் காற்றுக்கு நெருக்கமானது.

மழைக்கு 20 சதவீத வாய்ப்பு என்பது, அந்த ஒரு புள்ளியில், சொல்லப்பட்ட நேரத்துக்குள், அளக்கத்தக்க மழை பெய்வதற்கான வாய்ப்பைக் குறிக்கிறது. மலையேறுபவருக்கு உண்மையான ஆபத்து மழையைவிட மின்னல். மழைப் பொழிவிலிருந்து 10 கி.மீ., சில வேளைகளில் 15 கி.மீ. தள்ளியும் மின்னல் விழும். ஆகவே உங்கள் தலைமேல் மழை பெய்யும் வாய்ப்பு 20 சதவீதம் என்றால், உங்களை எட்டக்கூடிய தொலைவில் ஒரு இடிமேகம் உருவாகும் வாய்ப்பு அதைவிடக் கணிசமாக அதிகம். நகரத்தில் கடைவீதிக்குப் போகிறவருக்கு 20 சதவீதம் சிறிய எண். மொட்டை முகட்டில் நிற்பவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடை மழை ஏன் நேரம் தவறாமல் பிற்பகலில் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வடக்கு விளிம்பில் வெள்ளியங்கிரி நிற்கிறது. காலை வெயிலில் சரிவுகள் சமவெளிக்கு மேலுள்ள காற்றைவிட வேகமாகச் சூடாகி, காற்று சரிவோடு மேலேறத் தொடங்குகிறது. நண்பகலுக்குப் பின் அரபிக்கடலின் ஈரக்காற்று கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் நுழைகிறது. கிழக்கிலிருந்து வரும் காற்று அதை எதிர்கொள்ளும் நாட்களில், இரண்டும் சந்திக்கும் கோட்டில் காற்று மேலே தள்ளப்படுகிறது. ஈரம் போதுமான அளவு இருந்தால், காலை பத்து மணிக்கு வெறும் பஞ்சுப் பொதிகளாக இருந்த மேகங்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் 10 கி.மீ.க்கும் மேல் உயர்ந்த இடிமேகங்களாகிவிடும். பெரும்பாலான கோடை இடிமழை பிற்பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே விழுகிறது. விதிவிலக்குகள் உண்டு. மாலையில் தொடங்கிய மழை நள்ளிரவு வரை நீடிப்பதும், பெரிய காற்றுச் சுழற்சி இருக்கும் நாட்களில் காலையிலேயே மழை வருவதும் உண்டு. அத்தகைய நாட்களை அறிவிப்புகளிலிருந்து முன்பே அடையாளம் காண முடியும் என்பதால்தான் வானிலை மையத்தின் அறிக்கையைக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பாதிக் காதோடு கேட்டுப் பழகியவர்கள். அதன் சொற்கள் அளந்து போடப்பட்டவை. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்பது 26 முதல் 50 சதவீதம். "பல இடங்களில்" அல்லது "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75 சதவீதம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். சித்திரையில் "ஓரிரு இடங்களில்" என்ற சொல் ஏறக்குறைய அன்றாடம் வரும். அதற்காக யாரும் பயணத்தை விட வேண்டியதில்லை, நேரத்தைக் காத்தால் போதும். அது "ஒருசில இடங்களில்" என்று மாறும்போது எச்சரிக்கை அடையுங்கள். "பல இடங்களில்" என்று வந்துவிட்டால், அந்த மழைக்குப் பின்னால் உள்ளூர் வெப்பத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிற்பகல் வரை மழை காத்திருக்கும் என்ற கணக்கு அன்று செல்லாது.

மழையின் அளவுக்கும் இப்படியே வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 204.4 மில்லிமீட்டர் வரை மிக கனமழை; அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. எனவே சனிக்கிழமைக்கான மழை என்று நீங்கள் படிப்பது ஞாயிறு விடியலையும் சேர்த்தே சொல்கிறது. இரவில் ஏறுபவர்கள் இதை மறக்கவே கூடாது. அறிக்கையில் "கோயம்புத்தூர் மாவட்டத்தின் மலைப்பகுதிகள்" என்று தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் தேடுங்கள். பீளமேட்டில் வெயில் காயும்போது அந்தச் சொற்கள் வால்பாறைக்கும் சிறுவாணிக்கும் வெள்ளியங்கிரிக்கும் உரியவை. அந்த மலைப்பகுதிகளுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், செயலி எத்தனை சூரியன்களைக் காட்டினாலும் புறப்பட வேண்டாம். மஞ்சள் எச்சரிக்கை என்றால் அதன் காரணத்தைப் படியுங்கள். இடி மின்னலுக்கான மஞ்சளும் வெப்பத்துக்கான மஞ்சளும் வேறு வேறு.

காரணப் பகுதியையும் தாண்டிப் போய்விடாதீர்கள். "வளிமண்டல கீழடுக்கு சுழற்சி" என்ற தொடர் குமரிக்கடல் அல்லது தமிழக உள் மாவட்டங்களைக் குறித்து வந்தால், ஈரம் தொடர்ந்து ஊட்டப்படுகிறது என்று பொருள். கோடையில் விதர்ப்பாவிலிருந்து கர்நாடக உள்பகுதி வழியாகத் தமிழகம் வரை, காற்றின் திசை மாறும் கோடு ஒன்று நீண்டிருப்பதாகவும் அறிக்கைகள் சொல்லும். அது நமது பக்கமாக நகரும் நாட்களில் ஈரோடு, திருப்பூர், கோவை முழுவதும் மாலை இடிமழை கூடுகிறது.

இனி நாட்களின் வரிசை. ஒரு வாரத்துக்கு முன் பார்ப்பதில் பயன் குறைவு. வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ தாழ்வுப் பகுதி உருவாகும் பேச்சு இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று நாட்களுக்கு முன் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மழையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். ஒன்று வறட்சியும் இன்னொன்று 30 மில்லிமீட்டரும் காட்டினால், வளிமண்டலம் எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மாற்று நாளையும் பேசி வையுங்கள். அவற்றின் சராசரியை எடுத்து, பாதி மழை என்று முடிவுக்கு வருவது பலர் செய்யும் தவறு. இடிமழையில் பாதி என்று ஒன்று இல்லை.

முந்தைய நாள் பார்க்க வேண்டியவற்றில் மிக முக்கியமானதை ஏறக்குறைய யாரும் பார்ப்பதில்லை: நேற்று மலையில் எவ்வளவு மழை பெய்தது என்பது. வானிலை மையம் ஒவ்வொரு நாளும் காலை வெளியிடும் மழைப் பதிவுப் பட்டியலில் "சிறுவாணி அடிவாரம்" என்ற நிலையத்தைத் தேடுங்கள். வெள்ளியங்கிரிக்கு மிக அருகிலுள்ள பதிவுகளில் அது ஒன்று. அங்கே 2 அல்லது 3 செ.மீ. பதிவாகியிருந்தால், வழுக்குப் பாறையும் முதல் மலையின் கற்படிகளும் ஈரமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மண் ஈரமாக இருப்பதால் மறுநாள் மேகம் கட்டுவதும் எளிதாகும். இந்த மலையில் ஏறும்போதைவிட இறங்கும்போதே கால்கள் தளர்ந்து சறுக்குகின்றன. நேற்றைய மழை உங்கள் இறக்கத்தை ஒரு மணி நேரம் நீட்டிக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மலைகள் மேகத்துக்குள் மூழ்கியிருக்குமா என்று கண்டறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கோவை விமான நிலையத்தின் வானிலைப் பதிவில் வெப்பநிலையோடு பனிப்புள்ளி வெப்பநிலையும் கிடைக்கும். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால், பகலில் திரளும் மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகத் தெரியும். வெப்பநிலை 34, பனிப்புள்ளி 22 என்றால் வேறுபாடு 12. மேக அடி 1,500 மீட்டர். விமான நிலையத்தின் 400 மீட்டரைக் கூட்டினால் 1,900 மீட்டர். ஏழாவது மலைக்குச் சற்றே மேல். வெப்பநிலை 30, பனிப்புள்ளி 22 என்றால் மேக அடி கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு வந்துவிடும். அப்போது மேல்மலைகள் முழுவதும் வெண்மூட்டத்துக்குள் இருக்கும், பத்தடிக்கு அப்பால் செல்பவர் தெரியமாட்டார், பாறைகள் மழையில்லாமலேயே நனைந்திருக்கும். பனிப்புள்ளி ஒரே நாளில் நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால், ஈரக்காற்று நுழைந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. உடலும் அதை உணரும். வியர்வை காயாமல் பிசுபிசுக்கும் அந்த இறுக்கத்தில் மலையேறுவது இதயத்துக்குக் கூடுதல் சுமை. 2024 ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த மலையில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பலர் உயிரிழந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், புழுக்கம் மிகுந்த நாளை அவர்களுக்கு ஏற்ற நாளாகக் கருதாதீர்கள். நல்ல நாளிலும் மருத்துவரைக் கேட்ட பிறகே அழைத்துச் செல்லுங்கள்.

புறப்படும் நாளில் மாதிரிகளை மூடிவிட்டு, நடந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் பகலில் மேகத்தின் வடிவத்தையும் இரவில் அகச்சிவப்பு வழியாக அதன் உச்சிக் குளிர்ச்சியையும் காட்டுகின்றன. மாலையில் உருவான மேகம் இரவிலும் பளீரென்ற வெண்மையாகத் தெரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ராடாரில் கொச்சி நிலையத்தின் படம் நமது பக்கத்துக்கு உதவும். ஆனால் பூமியின் வளைவால் தொலைவு கூடக் கூட ராடாரின் கதிர் மேலே போய்விடுகிறது. நூறு கி.மீ.க்கு அப்பால் தாழ்வான மேகமும் மலையைத் தழுவிய தூறலும் அதன் கண்ணில் படுவதில்லை. படம் வெறுமையாக இருப்பதை வானம் வெறுமையாக இருப்பதாகக் கொள்ள வேண்டாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் சில நிமிடங்களுக்கு முன் விழுந்த மின்னல்களைக் காட்டும். பூண்டியில் ஏறத் தொடங்குமுன் அதைக் கட்டாயம் பாருங்கள். மேலே அலைபேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால், கடைசியாகப் பார்க்கும் இடம் அடிவாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் வனத்துறைப் பணியாளர்களையும், மூங்கில் தடி விற்பவர்களையும், அந்தப் பக்கத்து இருளர் மக்களையும் கேளுங்கள். "இன்றைக்கு மழை வருமா" என்று கேட்டால் யாரும் மரியாதைக்காக ஏதேனும் சொல்வார்கள். "நேற்று எத்தனை மணிக்கு மேகம் கட்டியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, மேலே காற்று எப்படி" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். நாலைந்து நாட்களாகத் தொடர்ந்து மூன்று மணிக்கு இடி என்றால், இன்றும் அதே அட்டவணையை எதிர்பாருங்கள். மாதிரிகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு பதிலுக்கு அவற்றைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நடக்கும்போது வானத்தைப் படிக்கப் பழகுங்கள். விடியலில் நடுவானத்தில் கோட்டை மதில்போல் சிறு சிறு கோபுரங்கள் எழும்பிய மேக வரிசை தெரிந்தால், மேலடுக்குக் காற்று நிலைகுலைந்திருக்கிறது. அன்று இடி சீக்கிரமே வரும். ஒன்பது, பத்து மணிக்கு மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளரத் தொடங்கினால், நீங்கள் எந்த மலையில் இருந்தாலும் திரும்பும் நேரம் வந்துவிட்டது. மேற்கே அட்டப்பாடி, சிறுவாணிப் பக்கத்து வானத்தை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். காட்டு வழியில் ஏறும்போது மரங்கள் அந்தப் பக்கத்தை மறைத்துவிடும். வெட்டவெளிக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். புழுக்கத்தின் நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், அது அருகிலுள்ள இடிமேகத்திலிருந்து கீழே இறங்கி முன்னால் ஓடிவரும் காற்று. பலர் அதைச் சுகமாக அனுபவித்துக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலும் அடுத்த அரை மணிக்குள் மழை அங்கே இருக்கும்.

மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, 3 விநாடிக்கு 1 கி.மீ. என்று கொள்ளுங்கள். 30 விநாடி என்றால் 10 கி.மீ.; அந்தத் தொலைவே ஆபத்தான தொலைவு. இடி காதில் விழுந்தாலே மேல்மலைகளின் முகட்டைவிட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கடந்தபின்தான் மீண்டும் ஏறுவதைப் பற்றிப் பேச வேண்டும். ஐந்தாம் மலையைத் தாண்டினால் மரங்கள் குறைந்து புல்லும் பாறையுமாக இருக்கும் என்பதால், உயர்ந்து நிற்கும் பொருள் மனிதனே. ஆறாவது மலையின் ஆண்டிச் சுனைக்கு அருகிலோ ஏழாவது மலை ஏற்றத்திலோ இடி கேட்டால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சாமியைப் பார்த்துவிட்டு ஓடிவிடலாம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் அதற்கு இணங்காதீர்கள். உச்சியில் பெரும் பாறைகள் கூடிக் குகைபோல் அமைந்த சன்னதி பார்வைக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். பாறையின் மேல் விழும் மின்னலின் மின்சாரம் ஈரமான பாறைப் பரப்பின் வழியே பாய்வதால், ஆழமில்லாத குகை வாயிலும் பாறையிடுக்கும் உண்மையில் தங்கக் கூடாத இடங்கள். அங்கே நடப்பட்டுள்ள சூலங்களுக்கும் வேல்களுக்கும் அருகில் நிற்பதும் அப்படித்தான். இறங்க முடியாமல் சிக்கிக்கொண்டால், ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது இடைவெளி விட்டுப் பரவி, தாழ்ந்த இடத்தில், தனி மரத்தையும் நீரோட்டத்தையும் தவிர்த்து, இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருங்கள். படுக்கக் கூடாது. யாருக்காவது மின்னல் தாக்கினால் அவரைத் தொடுவதில் ஆபத்து இல்லை. உடலில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். அந்தச் சில நிமிடங்களில் பிழைத்தவர்கள் உண்டு.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். மாற்று மேல்சட்டை ஒன்றும் கம்பளிக் குல்லாயும் நனையாத உறைக்குள் இருக்கட்டும். அடிவாரத்தில் நெகிழிப் பொருட்களைச் சோதிக்கிறார்கள் என்பதால், ஒருமுறை போட்டு எறியும் மெல்லிய மழைச்சட்டையை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் பயன்படும் மழைக்கோட்டை எடுத்துச் செல்லுங்கள்.

பிப்ரவரி முதல் மே இறுதி வரை வனத்துறை ஏற அனுமதிக்கிறது என்பதால் நான்கு மாதமும் ஒரே வானிலை என்று நினைத்துவிடக் கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு. குளிரும் வறட்சியும் மிகுதி. அந்த வறட்சியில் காய்ந்த புல்லுக்கு ஒரு தீப்பொறி போதும். சரிவில் பிடித்த தீ, மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு மனிதன் ஓடும் வேகத்தைவிட விரைவாக மேலேறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். எனவே மழையில்லை என்று அறிக்கை சொல்லும் நாளிலும் காற்றின் வேகத்தையும், இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் வெளியிடும் தீ எச்சரிக்கைகளையும் பாருங்கள். வனத்துறை பாதையை மூடினால் வேறு தடம் தேடாதீர்கள். மே கடைசி வாரம் இதற்கு நேர்மாறானது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. ஆனால் 2025 இல் அது மே 24 அன்றே தொடங்கியது. அடுத்த நாட்களில் நீலகிரிக்கும் கோவை மலைப்பகுதிகளுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பருவமழை வந்துவிட்டால் பிற்பகல் கணக்கு முழுவதும் செல்லாது, மழை இரவும் பகலும் பெய்யும். மே 20க்குப் பிறகு திட்டமிடுபவர்கள் கேரளத்துக்கான அறிவிப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூட்டம் மிகுதி. முதல் மலையின் படிகளிலும் ஏழாவது மலையின் ஏற்றத்திலும் வரிசை நகரவே நேரமாகும். சாதாரண நாளில் ஐந்து மணி நேரத்தில் ஏறக்கூடிய குழுவுக்கு அன்று ஏழு, எட்டு மணி நேரம் ஆகலாம். இறக்கத்துக்கும் அதேபோல் கூடுதல் நேரம் வையுங்கள். ஆகவே நண்பகலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பன்னிரண்டு மணிக்கு நீங்கள் காட்டு நிழலுக்குள், மூன்றாம் மலையின் கைதட்டிச் சுனைக்காவது கீழே இருக்க வேண்டும் என்றால், காலை எட்டு மணிக்குள் உச்சியைவிட்டுத் திரும்பியாக வேண்டும்; அதற்கு முந்தைய இரவே ஏறத் தொடங்க வேண்டும். அந்தப் பருவத்தில் வனத்துறை ஏற அனுமதிக்கும் நேரத்தைப் பூண்டியில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; அந்த நேரத்தோடு இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் ஏழாவது மலையை விட்டுவிட்டு, எட்டு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள். புறப்படும் மாலையில் பூண்டிக்கு மேலே இடிமேகம் நின்றால், அது முழுவதும் கலைந்து, பாறைகள் வடிய இரண்டு மணி நேரமாவது காத்திருங்கள். இரவு பத்து மணிக்கும் மின்னல் ஓயவில்லை என்றால் அன்று ஏற வேண்டாம். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாட்கள் கழித்தும் நிலவொளி நள்ளிரவுக்கு முன்பே வந்துவிடும், கூட்டமும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் ஒன்றை மாற்று நாளாக இப்போதே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். மாற்று நாள் முன்பே முடிவாகியிருக்கும் குழுவுக்குத் திரும்பிவரும் முடிவை எடுப்பது எளிது.